கறுப்புக் குதிரைச் சதுக்கத்தில் நமக்கென்ன வேலை?

தொண்ணூறடி ரோட்டில் நம் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்த கரி ஆறுவதற்குள், இதே நகரத்தின் தெற்கே இரண்டு விழாக்கள் தொடங்கிவிடுகின்றன. ஒன்று, ராணிபாக் என்று நாமெல்லாம் சொல்லும் பைகுல்லா வீரமாதா ஜிஜாபாய் போஸ்லே பூங்காவில் மாநகராட்சி ஆண்டுதோறும் நடத்தும் மலர்க் கண்காட்சி. மற்றொன்று, பிப்ரவரி முதல் வாரவாக்கில் காலா கோடாவில் ஒன்பது நாள் நடக்கும் கலைவிழா. செய்தித்தாள்களில் பக்கம் பக்கமாகப் படங்கள் வருகின்றன. பூக்களால் செய்த விலங்குகள், பூக்களால் செய்த கோட்டைகள், தெரு நடுவே ஆள் உயரச் சிற்பங்கள், அவற்றின் முன்னே நின்று செல்போனில் படம் பிடித்துக்கொள்ளும் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் நாம் எங்கே?

இந்தக் கேள்வியைச் சங்கத்தின் மாதக் கூட்டத்திலேயே கேட்டுப் பார்த்தோம். இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றுக்கு இதுவரை போனவர்கள் கை தூக்குங்கள் என்றோம். தூக்கியவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கினர். அவர்களிலும் இருவர் வேலையாகப் போனவர்கள். ஒருவர் பந்தல் கட்டப் போனவர், மற்றவர் முதலாளியம்மாவின் காரை ஓட்டிப் போனவர். காரை ஓட்டிப் போனவர் காரிலேயே இருந்துவிட்டாராம். "உள்ளே போய்ப் பார்த்திருக்கலாமே அண்ணே?" என்று கேட்டதற்கு, "நமக்கென்னப்பா அங்கே வேலை?" என்றார். கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால் அது சிரிக்கிற விஷயமாக இல்லை. அதனால்தான் இம்மாதம் இதைப் பற்றி எழுதுகிறோம்.

முதலில் அந்த இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. காலா கோடா என்றால் கறுப்புக் குதிரை. பிற்காலத்தில் ஏழாம் எட்வர்ட் மன்னனான வேல்ஸ் இளவரசன் 1875-76இல் இங்கு வந்துபோனதன் நினைவாக, ஆல்பர்ட் சசூன் என்ற பெருவணிகர் பணம் கொடுத்து ஒரு வெண்கலச் சிலையை அங்கே நிறுத்த வைத்தார். குதிரைமேல் இளவரசன். சாலையில் போன சாதாரண மக்களுக்கு இளவரசன் யாரென்றும் தெரியாது, தெரிந்துகொள்ள அவர்கள் கவலைப்படவும் இல்லை. அவர்கள் கண்ணுக்குப் பட்டது கறுத்துப்போன குதிரைதான். அந்தப் பெயரே நிலைத்தது. நாடு விடுதலை பெற்றபின் அந்நிய ஆட்சியின் சிலைகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டபோது, 1965இல் இளவரசனும் குதிரையும் பைகுல்லாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெயர் மட்டும் இடம்பெயரவில்லை. 2017இல் அதே வட்டாரத்தில் புதிதாக ஒரு கறுப்புக் குதிரைச் சிலையை வைத்தார்கள். இந்தக் குதிரையின் முதுகில் யாரும் இல்லை. மன்னனை மறந்து குதிரையை மட்டும் நினைவில் வைத்திருந்த பாட்டாளிகளின் தீர்ப்பு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வெண்கலத்தில் ஏறியது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் குதிரையின்மேல் ஆள் இல்லை என்றாலும், அந்தத் தெருவில் நடக்கும்போது நம்மவர்கள் இன்னும் யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கியே நடக்கிறார்கள்.

அந்தச் சதுக்கத்தைச் சுற்றி அரை மைலுக்குள் இருப்பவற்றைப் பாருங்கள். 1922இல் திறக்கப்பட்டு, 1998இல் சத்ரபதி சிவாஜி மகாராஜின் பெயரைப் பெற்ற பெரிய அருங்காட்சியகம், அதைச் சுற்றி நல்ல தோட்டத்தோடு இருக்கிறது. அடுத்து 1952இல் திறக்கப்பட்ட ஜஹாங்கீர் ஓவியக்கூடம். எதிர்ப்புறம், ஒரு காலத்தில் பொதுக்கூட்டங்களும் கச்சேரிகளும் நடந்த கவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபம். அது 1996 முதல் மைய அரசின் நவீன ஓவியக்கூடமாக இருக்கிறது. பின்தெருக்களில் தனியார் கூடங்கள் பல. அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் உண்டு. ஒரு குடும்பமாகப் போனால் நமக்குக் கொஞ்சம் கனமானதுதான். ஆனால் ஜஹாங்கீருக்குள் போக ஒரு காசு வேண்டாம். காலா கோடா விழாவுக்கும் டிக்கெட் இல்லை. இவை இலவசம் என்பதே நம் தெருக்களில் பலருக்குத் தெரியாது! கண்ணாடிக் கதவைப் பார்த்தவுடனேயே உள்ளே காசு கேட்பார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். டிக்கெட் வைத்தால் அது அச்சிட்ட கட்டணம், எவ்வளவு என்று தெரியும். இது அச்சிடாத கட்டணம்.

இந்த அச்சிடாத கட்டணத்தை நாமே கொடுத்துப் பார்த்திருக்கிறோம். எந்தக் கூடம் என்று சொல்லப் போவதில்லை, ஒரு கூடம்தான். சங்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். நமக்கு முன்னால் நால்வர் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாட்ச்மேன் அவர்களுக்கு சல்யூட் வைத்தார். நாம் போனதும் அதே வாட்ச்மேன், "எங்கே? யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். படம் பார்க்க வந்தோம் என்றோம். நம்மை மேலும் கீழும் பார்த்தார்; பிள்ளைகளின் செருப்பைப் பார்த்தார். உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, "பத்து நிமிஷம், எதையும் தொடக்கூடாது" என்றார். அவர்மேல் நமக்குக் கோபமில்லை. பீகாரிலிருந்து வந்து, பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கும் மனிதர். நம்மைத் தடுக்கும்படி அவரிடம் யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். யார் உள்ளே போகலாம், யார் போகக்கூடாது என்பதை அவரும் நம்மைப் போலவே தானாகக் கற்றுக்கொண்டிருக்கிறார். அந்தப் பத்து நிமிடத்தில் நம் பிள்ளைகளில் ஒரு பெண், பெரிய நீலநிறப் படம் ஒன்றின் முன் நின்று அசையவே இல்லை. என்ன பார்க்கிறாய் என்று கேட்டோம். "மழை வருதற்கு முன்னாடி எங்க கோலியோட தகரம் இந்தக் கலர்லதான் இருக்கும்" என்றாள். படத்தின் விலை ஒரு காகிதத்தில் ஒட்டியிருந்தது. அதை நாம் பிள்ளைகளுக்குப் படித்துச் சொல்லவில்லை.

நம்மிலேயே சில தோழர்கள் கேட்பார்கள் என்று தெரியும்: தண்ணீருக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை, வீடு இருக்குமா போகுமா என்ற பயம், இதற்கிடையில் ஓவியம் எதற்கு, பூந்தோட்டம் எதற்கு? வயிறு நிறைந்தவனுடைய பொழுதுபோக்கு அல்லவா அது?

அவர்களுக்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கே. எச். ஆரா. ஹைதராபாத் பக்கத்துப் பொலாரத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே வீட்டைவிட்டு ஓடி இந்த நகரத்துக்கு வந்தார். நம் தகப்பன்மார் திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தார்களே, அப்படித்தான் கையில் ஒன்றுமில்லாமல் வந்தார். பிறர் வீட்டில் எடுபிடி வேலை பார்த்தார், கார் கழுவினார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறைக்கும் போனார். வேலை போக மிச்ச நேரத்தில் படம் வரைந்தார். 1947இல் சூசா, ரஜா, உசேன், பாக்ரே, காடே ஆகியோருடன் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கிய அறுவரில் இந்த ஆராவும் ஒருவர். இன்று இந்திய ஓவியத்தைப் பற்றி யார் புத்தகம் எழுதினாலும் அந்தக் குழுவைத் தாண்டிப் போக முடியாது. அக்குழுவின் இன்னொருவர் உசேன் இதே நகரத்தில் சாரத்தின்மேல் ஏறி சினிமா போர்டு எழுதிப் பிழைத்தவர். சாரம் கட்டுவது, போர்டு எழுதுவது, கார் கழுவுவது, இதெல்லாம் யார் செய்கிற வேலை? நாம் செய்கிற வேலைதானே!

ஆரா எதை அதிகம் வரைந்தார் தெரியுமா? பூக்களை. ஜாடியில் வைத்த பூக்களை. கார் கழுவியவருக்குப் பூ எதற்கு என்று அவரை யாராவது கேட்டிருந்தால், இந்த நாட்டுக்கு ஓர் ஓவியர் குறைந்திருப்பார். 1985இல் காலமாகும் வரை அவர் இளம் ஓவியர்களுக்கு உதவி செய்துகொண்டு வாழ்ந்தவர். அவருடைய படங்கள் இன்று ஏலத்தில் போகும் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். வாங்குகிறவர்களில் எத்தனை பேர் தம் காரைத் தாமே கழுவுகிறவர்கள் என்பது வேறு கேள்வி.

இனி மொழியைப் பற்றி. இந்த விஷயத்தில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். தனியார் ஓவியக்கூடங்களில் படத்துக்குக் கீழே எழுதியிருப்பது, விளக்கத் தாள், அழைப்பிதழ் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் இல்லையே என்று நாம் குறைப்படவில்லை. இது மகாராஷ்டிரம்; நம் பிள்ளைகள் பள்ளியில் மராத்தி படிக்கிறார்கள், நம்மைவிட நன்றாகப் பேசுகிறார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் மராத்தியும் இல்லையே! பரேல் சாலில் வளர்ந்த மில் தொழிலாளியின் மகளும், தாராவியில் தோல் தைப்பவரின் மகளும் ஒரே கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

1966இல் சிவசேனை தோன்றித் தென்னிந்தியர்களுக்கு எதிராக முழக்கங்கள் எழுந்த காலத்தில், நம் பெரியவர்கள் சாயன், மாட்டுங்கா, தாராவிக்கு உள்ளேயே அடங்கி இருக்கக் கற்றுக்கொண்டார்கள். வேலைக்குப் போ, திரும்பி வா, வேட்டி கட்டிக்கொண்டு வேறெங்கும் திரியாதே என்று நமக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பயத்துக்கு அன்று காரணம் இருந்தது. அப்போது நம்மை எதிர்க்கும்படி தூண்டிவிடப்பட்ட மராத்தித் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? 1982 ஜனவரியில் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதிலிருந்து அவர்கள் மீளவே இல்லை. மில்கள் மூடின. அவர்கள் நின்ற தறிக்கூடங்களின் இடத்தில் கடைவளாகங்களும் உயர்ந்த மாடிகளும் வந்தன. அந்த வளாகங்களுக்குள் போக அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் நம் பிள்ளைகளைப் போலவேதான் தயங்குகிறார்கள். ஆகவே, காலா கோடாவில் மராத்தியில் விளக்கம் வேண்டும் என்ற கோரிக்கையை முதலில் எழுப்ப வேண்டியவர்கள் தமிழர்களாகிய நாமே என்று சொல்கிறோம். இதைக் கேட்டு நம்மவர் சிலர் புருவம் உயர்த்துவார்கள். உயர்த்தட்டும்.

பூவுக்கு வருவோம்.

மாட்டுங்கா கிழக்கில் நம் பெண்கள் காலை நான்கு மணிக்கே உட்கார்ந்து பூக் கட்டுகிறார்கள். தாதர் பூ மார்க்கெட்டிலிருந்து உதிரிப்பூ வந்து இறங்கும். ஊரிலிருந்து மல்லிகையும் கனகாம்பரமும் வரும். வாழைநாரை நனைத்து, இரண்டு இரண்டாக எதிரும் புதிருமாக வைத்து முடிச்சுப் போடுகிற வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியாது. எட்டு வயதில் கற்றுக்கொண்ட கை அது. எந்த ஓவியப் பள்ளியும் சொல்லிக் கொடுக்காத கணக்கு அந்த விரல்களில் இருக்கிறது. ஆனால் பூ அவர்களுக்கு என்ன? வாடுவதற்குள் விற்க வேண்டிய சரக்கு. விற்காவிட்டால் நட்டம். பூவை விலை கேட்காமல், அழுகுமே என்று பயப்படாமல், சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு மணி நேரம் அவர்களுக்கு வாழ்க்கையில் எப்போதாவது கிடைத்திருக்குமா? மலர்க் கண்காட்சி யாருக்காவது அவசியம் என்றால் முதலில் அவர்களுக்குத்தான் அவசியம்.

ராணிபாக் இன்று நேற்று வந்ததல்ல. 1862இல் திறந்தது. லால்பாக், பரேல், பைகுல்லா மில் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டிகளோடு வந்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றை மரத்தடியில் தின்றுவிட்டுப் போன தோட்டம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் இருக்கின்றன. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் கொண்டுவந்து நட்டவை. பூங்காவை அடியோடு மாற்றியமைக்கும் பெருந்திட்டம் ஒன்று வந்தபோது, அந்த மரங்களுக்காக எழுந்து நின்று போராடியவர்கள் இந்நகரத்துச் சில பெண்கள். அவர்கள் யாரும் அரசியல் கட்சிக்காரர்கள் அல்லர். ஒவ்வொரு மரத்தையும் எண்ணி, பெயர் எழுதி, மரங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தொட முடியாதபடி செய்தார்கள்.

பிறகு பெங்குயின் வந்தது. 2016இல் குளிர்பதனக் கூடம் கட்டிப் பெங்குயின்களைக் கொண்டுவந்தார்கள். 2017இல் டிக்கெட் ஏறியது. அதுவரை பெரியவர்களுக்கு ஐந்து ரூபாய், பிள்ளைகளுக்கு இரண்டு ரூபாய். ஏற்றியபின், தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்றால் நூறு ரூபாய். கூடுதலாக ஒரு பிள்ளைக்கு இருபத்தைந்து. கூடுதலாக ஒரு பெரியவருக்கு ஐம்பது. நம் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், ஊரிலிருந்து வேலை தேடி வந்து கோலியில் தங்கியிருக்கும் மைத்துனன். ஆறு பேர். பழைய கணக்கில் இருபத்தொரு ரூபாய். புதிய கணக்கில் நூற்று எழுபத்தைந்து! இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்ட, மைத்துனன் இல்லாத வீட்டை மனதில் வைத்துப் போட்ட கட்டணம் அது. எட்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டு, பெங்குயினைப் பராமரிக்கச் செலவாகிறது என்றார்கள். ஆகட்டும், மரத்தடியில் உட்கார வந்தவனிடம் பெங்குயின் செலவை ஏன் வாங்க வேண்டும்? மரத்துக்கும் பெங்குயினுக்கும் தனித்தனி டிக்கெட் போட மாநகராட்சிக்குத் தெரியாதா?

கண்காட்சியில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆயிரக்கணக்கான தொட்டிகள் வந்து இறங்குகின்றன. தொட்டி சுமந்தவர்கள், மண் கலந்தவர்கள், ராத்திரியெல்லாம் கம்பிக்கூட்டில் பூவைச் செருகியவர்கள் உண்டு. நகரத்துப் பூங்கா வேலைகளில் பெரும்பகுதி இன்று ஒப்பந்தக்காரர் கையில். வேலை செய்யும் மாலிக்கு இந்த மாதம் இந்தத் தோட்டம், அடுத்த மாதம் எந்தத் தோட்டமோ. தொடக்க விழா மேடையில் அதிகாரிகளின் பெயரைப் படிக்கிறார்கள். அந்தப் பூவைச் செருகிய கைகளுக்குரிய பெயர்களை நாம் எங்கும் பார்த்ததில்லை. ஒரு பலகை போதும். நுழைவாயிலில் ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும். பெயிண்டுக்கு ஆகும் செலவை நம் சங்கமே தருகிறது.

நாம் கண்காட்சிக்குப் போவதில்லையே தவிர, நம்மைக் காட்சிக்கு வைப்பது பழைய வழக்கம். ராணிபாக்கை ஒட்டியே டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகம் இருக்கிறது. 1872இல் விக்டோரியா ராணியின் பெயரில் திறந்து, 1975இல் அந்த மராத்தி மருத்துவரின் பெயரைப் பெற்றது. அங்கே சின்னச் சின்னக் களிமண் பொம்மைகள் வைத்திருக்கிறார்கள். இந்த நகரத்தில் எந்தச் சாதி எப்படித் தலைப்பாகை கட்டியது, எந்தத் தொழிலாளி எந்தக் கருவியைப் பிடித்தான் என்று காட்டும் பொம்மைகள். மிக நேர்த்தியான வேலை, மறுக்க முடியாது. கண்ணாடிக்குள் நெசவாளி இருக்கிறான், குயவன் இருக்கிறான். உழைப்பவனைக் களிமண்ணில் செய்து உள்ளே வைத்துவிட்டு, உயிரோடிருப்பவனை கேட்டுக்கு வெளியே நிறுத்துவது அந்தக் காலத்து வெள்ளைக்காரன் புத்தி என்று நாம் சொல்லிவிடலாம். இந்தக் காலம் மட்டும் என்ன?

நேர்மையாகச் சொல்வதென்றால், கொஞ்சம் மாறியிருக்கிறது. 2015இல் தாராவியிலேயே மூன்று வாரம் ஒரு கலைக்காட்சி நடந்தது. சுகாதாரப் பணி செய்யும் சினேகா நிறுவனம் நடத்திய தாராவி பியன்னாலே அது. நம் தெருப் பெண்களும் குயவர்களும் தாங்களே செய்தவற்றைச் சந்துகளில் வைத்தார்கள். 2016இல் தள்ளுவண்டியில் வைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோகும் ஓர் அருங்காட்சியகத்தை வெளிநாட்டு வடிவமைப்பாளர்கள் இருவர் நடத்தினார்கள். இங்கே செய்யும் பானைகளும் துடைப்பங்களும் அதில் இடம்பெற்றன. இவற்றை நாம் கேலி செய்யவில்லை. தன் கையால் செய்த பொருளை ஒரு பீடத்தின்மேல் வைத்துப் பார்க்கும்போது மனிதனுக்கு முதுகு நிமிர்கிறது. ஆனால் அவர்கள் வந்தார்கள், போனார்கள். நிலையாக ஒரு கூடம், பத்துக்குப் பத்தில் ஓர் அறைகூட, நமக்கு மிஞ்சவில்லை.

காலா கோடா விழாவுக்கு ஆண்டுதோறும் பழைய இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் பெரிய பெரிய வடிவங்களைச் செய்து நிறுத்துகிறார்கள். குப்பையிலிருந்து கலை என்று மெச்சுகிறார்கள். நம் பதின்மூன்றாம் காம்பவுண்டில் அதே இரும்பையும் பிளாஸ்டிக்கையும் நிறம் பார்த்து, தட்டிச் சத்தம் கேட்டு, மோந்து பார்த்துப் பிரிக்கிறவர்களின் அறிவுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்? நம் உறுப்பினர் ஒருவர், தோல் வேலை செய்பவர், ஒரு விழாக் கடையில் தொங்கிய பையைப் பார்த்தவுடன் அது தன் தையல் என்று கண்டுகொண்டார். கைப்பிடி சேரும் இடத்தில் இரட்டைத் தையல் போட்டு நூலை உள்ளே மடக்குவது அவர் வழக்கம். விலையைக் கேட்டார். அவருக்குக் கிடைத்த கூலியைப்போல் பல மடங்கு. கடைக்காரரிடம் "இது நான் தைத்தது" என்று சொன்னீர்களா என்று கேட்டோம். இல்லையாம். நம்ப மாட்டார்கள் என்று வந்துவிட்டாராம். அவர் சொல்லியிருக்க வேண்டும்! பக்கத்தில் நாம் நாலு பேர் நின்றிருந்தால் சொல்லியிருப்பார்.

இப்போது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் குறைக்கு வருகிறோம். தாராவி மறுகட்டமைப்பைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டிருக்கிறோம்! முந்நூற்றைம்பது சதுர அடி போதாது, ஐந்நூறு வேண்டும் என்றோம். மாடியில் இருப்பவனுக்கும் வீடு வேண்டும் என்றோம். தொழில்கூடம் வேண்டும் என்றோம். எல்லாம் நியாயம், எதையும் விடப்போவதில்லை. ஆனால் நம் கோரிக்கைத் தாள்களைத் திருப்பிப் பாருங்கள். ஒரு தோட்டம் வேண்டும், படம் மாட்டவும் கோலம் போடவும் கூத்து ஆடவும் ஒரு பொதுக்கூடம் வேண்டும் என்று நாம் ஒரு வரி எழுதவில்லை. யாரும் மறுக்கவில்லை, நாமே கேட்கவில்லை. மார்கழி முப்பது நாளும் சந்தில் போட்ட கோலத்தை ஏழு மணிக்குள் ஸ்கூட்டர் அழித்துவிடும் என்று பழகிப்போன நமக்கு, அழியாமல் ஒரு நாள் முழுக்க இருக்கும் இடத்தைக் கேட்கத் தோன்றவில்லை.

தோட்டம் சாத்தியமா என்று கேட்பவர்கள் மாஹிம் பக்கம் மித்தி ஆற்றோரம் போய்ப் பாருங்கள். இன்று மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கும் முப்பத்தேழு ஏக்கரும் ஒரு காலத்தில் நகரத்தின் குப்பை மேடு. நம்மில் வயதானவர்களுக்கு அதன் நாற்றம் நினைவிருக்கும். குப்பை கொட்டுவதை நிறுத்தி, மேலே மண் போட்டு, மரம் நட்டு, 1994இல் பூங்காவாகத் திறந்தார்கள். இன்று அங்கே மரங்கொத்தி வருகிறது, பட்டாம்பூச்சி வருகிறது, பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். குப்பை மேட்டிலேயே காடு வளர்ந்தால், புதிதாகக் கட்டப்போகும் இடத்தில் ஒரு தோட்டம் வளராதா? வரைபடத்தில் பச்சை நிறத்தைப் பூசிவிட்டு, கேட்டைப் பூட்டிச் சாவியைக் குடியிருப்புச் சங்கத்தின் கையில் கொடுக்கும் தோட்டத்தை நாம் சொல்லவில்லை. எல்லாரும் உட்காரும் தோட்டத்தைச் சொல்கிறோம்.

ஆகவே சங்கத்தின் செயற்குழு முன் நாம் வைப்பது இவைதான். மறுகட்டமைப்புக் கோரிக்கைகளில் பொதுத் தோட்டமும் கலைக்கூடமும் சேர்க்கப்பட வேண்டும். ராணிபாக்கில் பெங்குயினுக்குத் தனி டிக்கெட், மரத்தடிக்குப் பழைய டிக்கெட் என்று மாநகராட்சிக்கு மனு கொடுக்க வேண்டும். லால்பாக், பரேல் மராத்திச் சங்கங்களின் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். ஓவியக்கூடங்கள் வாரத்தில் ஒரு நாளாவது இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கக் கேட்க வேண்டும். ஏழு மணிக்கு மூடும் கூடத்துக்கு எட்டு மணிக்கு ஷிப்ட் முடிபவன் எப்படி வருவான்?

மனு அதன் வேகத்தில் போகட்டும். அதுவரை பிள்ளைகளைக் காக்க வைக்க வேண்டியதில்லை. 2025 அக்டோபர் முதல் பூமிக்கடி மெட்ரோ முழுத்தூரமும் ஓடுகிறது. தாராவி நிலையத்தில் ஏறினால் ஹுதாத்மா சௌக்கில் இறங்கி நடந்தே காலா கோடா போய்விடலாம். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் சாயனில் ஸ்லோ வண்டி ஏறி சி.எஸ்.எம்.டி.யில் இறங்குங்கள், நடை கொஞ்சம் அதிகம். ஜஹாங்கீர் காலை பதினொன்றிலிருந்து மாலை ஏழு வரை. அரசின் நவீன ஓவியக்கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, ராணிபாக்குக்குப் புதன்கிழமை விடுமுறை. தெரியாமல் போய்த் திரும்பி வராதீர்கள். ஜஹாங்கீருக்கு வெளியே நடைபாதையில் படம் மாட்டி விற்கும் ஓவியர்களிடமும் நின்று பேசுங்கள். நம்மைப் போலவே அன்றாடம் காய்ச்சிகள் அவர்கள், பிள்ளைகளுக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருப்பவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள், பத்துப் பேராகச் சேர்ந்து போவோம். மாட்டுங்காவிலிருந்து பூக்கட்டும் பெண்கள் நான்கு பேர் ஏற்கெனவே கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வியாபாரம் மந்தமாக இருப்பது திங்கட்கிழமை மத்தியானம்தானாம். அதனால் முதல் பயணம் ராணிபாக்குக்கு. அங்கே அருங்காட்சியகத்தின் தோட்டத்தில், 1965இல் கொண்டுபோய் விட்ட அந்தப் பழைய கறுப்புக் குதிரையும் அதன்மேல் இளவரசனும் இன்னும் நிற்கிறார்கள்.